மணலுக்குள் படுத்திருக்கும் ஆறு

கடந்த ஓகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம், என்னிடம் படித்த மாணவன் ஒருவனை ஆற்றங்கரையில் கண்டேன். டிப்பரை மருத மர நிழலில் நிறுத்திவிட்டு, மணல் ஏற்றத் தன் முறை வரும்வரை காத்திருந்தான். என்னைக் கண்டதும் இறங்கி வந்தான்.

"சேர், இந்த வெயிலுக்க என்ன செய்யிறியள்?"

ஆறு பார்க்க வந்தேன் என்றேன். அவன் சிரித்தான். "இதில எங்க சேர் ஆறு? மாசக்கணக்கா ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. வெறும் மணல்தானே."

அவன் சொன்னதில் பிழை பிடிக்க முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான் கிடந்தது. சிறுபோகம் செய்கிற ஆண்டுகளில் வயல்களில் இருந்து வடியும் நீராவது கொஞ்சம் வரும். அந்த ஆண்டு அதுவும் இல்லை. ஆனால் அவன் சொன்ன அந்த "வெறும் மணல்தானே" என்ற சொல் எனக்குள் குத்தியது. தரம் பத்தில் சூழற்றொகுதி என்ற பாடத்தை அவனுக்குப் படிப்பித்தவன் நான்தான். புத்தகத்தில் இருந்த குளத்துப் படத்தைக் கரும்பலகையில் கீறிக் காட்டினேனே தவிர, பாடசாலையில் இருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஆற்றுக்கு ஒரு நாளும் அவர்களைக் கூட்டிப் போகவில்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகக்கூடிய காலமாகவும் அது இருக்கவில்லை என்பது வேறு கதை. விடுபட்ட அந்தப் பாடத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கனகராயன் ஆறு

இலங்கையில் 103 ஆற்று வடிநிலங்கள் இருப்பதாகக் கணக்கிடுவார்கள். அவற்றில் மலைநாட்டில் பிறக்கும் மகாவலி, களனி போன்றவை ஆண்டு முழுவதும் ஓடுபவை. வறண்ட வலயத்தில் பிறந்து வறண்ட வலயத்திலேயே முடியும் எங்கள் ஆறுகள் அப்படியல்ல. கனகராயன் ஆறு வவுனியா வடக்குப் பக்கத்தில் தொடங்கி, வடக்கு நோக்கிக் காடுகளுக்குள்ளால் வந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, அதன் பிறகு சுண்டிக்குளம் கடல்நீரேரியில் போய்ச் சேர்கிறது. வன்னியில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே ஆறு மாரியில் பொங்கும், மாசி பங்குனியில் மெலியும், ஆடி ஆவணியில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாமல் போவதும் செத்துப் போவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை எனக்குச் சொல்லித் தந்தவர் என் பெரியப்பா. மாங்குளத்துக்குக் கிழக்கே, இதே ஆற்றின் மேற்பகுதியில் அவருக்குக் காணி இருந்தது. பாடசாலை விடுமுறைக்கு அங்கே போனால், கோடையில் குடிதண்ணீர் எடுப்பது ஆற்றில்தான். கிணறு இருந்தது. ஆனாலும் பெரியம்மாவுக்குப் பருப்பு அவிய வேண்டுமென்றால் ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும். பெரியப்பா காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி, கரையோர மரங்களைப் பார்த்து, ஆறு வளைகிற இடத்தில் உள்வளைவை விட்டு வெளிவளைவுப் பக்கமாக ஒரு பூவல் தோண்டுவார். முழங்கை ஆழத்துக்குள் மணல் கறுக்கும். இன்னும் இரண்டு கை மண் அள்ள, அடியில் தண்ணீர் ஊறும். முதலில் கலங்கி வரும். அதை இறைத்து ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும்.

"ஆறு சாகேல்லையடா தம்பி, மண்ணுக்க படுத்திருக்கு" என்பார்.

பெரியப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆற்றுச் சூழலியல் புத்தகங்கள் பின்னாளில் எனக்குச் சொன்ன முக்கியமான விடயங்களில் ஒன்று அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது.

மணல் என்ற தண்ணீர்த் தாங்கி

மணல் மணிகள் எவ்வளவு நெருக்கமாகக் கிடந்தாலும் அவற்றுக்கு இடையில் வெளி இருக்கும். ஆற்று மணலில் அந்த வெளி மொத்தக் கனவளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரும். மாரியில் அந்த இடைவெளி முழுவதும் நீரால் நிரம்புகிறது. மேலே ஓட்டம் நின்ற பிறகும் மணலுக்குள் நீர் சரிவுப் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கும். நாளுக்குச் சாண் கணக்கில் போகும் ஓட்டம் அது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோடையில் திறந்து கிடக்கும் குளத்து நீர் நாளுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் ஆவியாகிறது. நூறு நாளில் அரை மீற்றர் போய்விடும். மணலிலோ மேல் இரண்டு மூன்று அடி காய்ந்ததும் அந்தக் காய்ந்த படையே போர்வையாகிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள நீரை வெயில் தொடுவது மிக மிகக் குறைவு. நுளம்பு முட்டையிட முடியாது. பாசி பிடிக்காது. மாடு இறங்கிக் கலக்காது. நீர் மணலுக்குள்ளால் வடிந்து வருவதால் தூசும் கிருமியும் பெருமளவு வடிகட்டப்பட்டும் விடுகின்றன. (பெரியம்மா காலத்தைப் போல இன்று பூவல் நீரை அப்படியே குடிக்கச் சொல்ல மாட்டேன். மேலே வயல்களும் மலசலகூடக் குழிகளும் கூடிவிட்டன. கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.)

கென்யாவில் கிட்டுய் என்ற வறண்ட பிரதேசத்தில், மாரியில் மட்டும் ஓடும் ஆறுகளுக்குக் குறுக்கே மக்கள் தாழ்ந்த கல்லணைகளைக் கட்டுகிறார்கள். தண்ணீரைத் தேக்க அல்ல, மணலைத் தேக்க. மணல் சேர்ந்துவிட்டால் அதற்குள் தண்ணீர் தானாகத் தங்கும் என்பது அவர்களின் கணக்கு. நூற்றுக்கணக்கான அணைகள் அங்கே இருக்கின்றன. அவர்கள் பாடுபட்டுச் சேர்க்கிற பொருள் எங்களுக்கு இயற்கையாகவே கிடைத்திருந்தது.

ஆற்றங்கரைக் கிணறுகளும் இந்த மணலோடு சேர்ந்தவைதான். மாரியில் ஆறு உயர்ந்து நிற்கும்போது நீர் கரைக்குள் கசிந்து கிணறுகளை நிரப்புகிறது. கோடையில் கரை நிலம் பிடித்து வைத்திருந்த நீர் ஆற்று மணலை நோக்கி வடிகிறது. கிணறும் ஆறும் ஒரே பாத்திரத்தின் இரண்டு வாய்கள் போல. ஆற்றின் படுக்கை ஒரு மீற்றர் தாழ்ந்தால் பக்கத்துக் காணியில் நீர் நிற்கும் மட்டமும் அதைத் தேடித் தாழும். "ஆத்தில மண் அள்ளினா என்ர கிணத்துக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மடுவில் ஒளிந்திருப்பவை

மணலுக்கு அடுத்தது மடு. எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: இரணைமடு, சேமமடு, ஒலுமடு. ஆற்றிலோ ஓடையிலோ ஆழமாகக் குழிந்து, மற்ற இடங்கள் வற்றினாலும் நீர் நிற்கிற இடத்துக்கு மடு என்று பெயர். இரணை என்றால் இரட்டை. அணை கட்டுவதற்கு முன்னரே அங்கே எதைக் கண்டு அந்தப் பெயரை வைத்தார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

மடு தானாக உண்டாகும். வெள்ளம் ஒரு வளைவில் மோதும்போது, அல்லது ஒரு மருத மரத்தின் வேர்த்தட்டில் முட்டிச் சுழலும்போது, அடிமண்ணைக் கிளறி எடுத்துப் போகிறது. ஆண்டாண்டாக அதே இடத்தில் சுழன்று அது ஆழமாகிறது. கோடை வந்து ஆறு துண்டு துண்டாக அறும்போது, ஆற்றில் இருந்த உயிர்கள் எல்லாம் இந்த மடுக்களுக்குள் வந்து ஒதுங்கிவிடும். எங்களுக்குப் புரியக்கூடிய சொல்லில் சொன்னால், மடு ஆற்றின் இடைத்தங்கல் முகாம். இடம் சிறிது, கூட்டம் பெரிது, சாப்பாடு குறைவு, வெளியே போக வழியில்லை. மழை வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான் அங்கே வேலை.

எல்லா மீனாலும் அதைத் தாங்க முடிவதில்லை. நீர் சூடாக ஆக அதில் கரையக்கூடிய ஒட்சிசன் குறைகிறது. 20 பாகையில் ஒரு லீற்றர் நீரில் 9 மில்லிகிராம் வரை கரையும் ஒட்சிசன், 30 பாகையில் ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். அதுவும் இரவில், பாசிகள் ஒட்சிசனை உண்டாக்குவதை நிறுத்திவிட்டுத் தாங்களும் சுவாசிப்பதால், விடியும் நேரத்தில் மடு மூச்சுத் திணறும். இந்த நிலையில் தாக்குப் பிடிப்பவை விரால், பனையேறி, சுங்கான் போன்றவை. இவை நீரில் உள்ள ஒட்சிசனை மட்டும் நம்பியிருப்பவை அல்ல. மேலே வந்து வாயால் காற்றை எடுத்துக்கொள்ளக்கூடியவை. குளம் வற்றிச் சேறானாலும் விரால் கிடைப்பதன் காரணம் இதுதான். பாலாமை ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். தும்பியின் குடம்பிகளும் இன்னும் பல சிறு பூச்சிகளும் ஈர மணலுக்குள் இறங்கிவிடும். சிலவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணிலேயே மழைக்காகக் காத்துக் கிடக்கும். முதல் வெள்ளம் வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் ஆறு முழுவதும் மீன்குஞ்சும் பூச்சியுமாக நிறைவது வானத்தில் இருந்து விழுந்து அல்ல. இந்த ஒளிவிடங்களில் எஞ்சியவைதான் பரவுகின்றன.

மணல் அள்ளிய குழிகளைச் சிலர் மடு என்று சொல்கிறார்கள். "தண்ணி நிக்குதுதானே, நல்லதுதானே" என்று என்னிடம் வாதாடியவர்களும் உண்டு. மடுவுக்கு மேலே மரம் கவிந்திருக்கும், ஓரத்தில் வேர் இருக்கும், அடியில் இலையும் கட்டையும் கிடக்கும். மணல் குழிக்கு இவை ஒன்றும் இல்லை. வெயில் நேராக அடிக்கும். களி படிந்து அடி மூடிவிடும். மீனுக்கு அது முகாம் அல்ல, பொறி. செங்குத்தாக வெட்டப்பட்ட அந்தக் குழிகளில் பிள்ளைகள் மூழ்கிய செய்திகளை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம்.

இலையில் தொடங்கும் சாப்பாடு

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் ஆற்றைச் சொல்ல முடியாது. வவுனியா வடக்கில் மருதோடை என்று ஓர் ஊர் உண்டு. மருது நிற்கும் ஓடை. வறண்ட வலயத்தில் எங்கே மருது வரிசையாக நிற்கிறதோ அங்கே ஓர் ஆறு அல்லது ஓடை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதன் வேர்கள் கரையைப் பின்னிப் பிடித்துவைக்கின்றன, நிழல் நீரின் சூட்டைக் குறைக்கிறது. இவை இரண்டும் பலருக்குத் தெரிந்தவை. மூன்றாவதைப் பலர் நினைப்பதில்லை. மரந்தான் ஆற்றுக்குச் சோறு போடுகிறது.

காட்டுக்குள் ஓடும் ஒடுங்கிய ஓடையில் வெயில் விழுவது குறைவு. ஆகவே பாசி வளர்வதும் குறைவு. அங்கே உணவு கரையில் இருந்து விழுகிற இலையும் பூவும் பழமும்தான். நீரில் விழுந்த இலையில் இருந்து சில நாட்களில் சாயம் இறங்கும். தேத்தண்ணீர் நிறத்தில் ஓடை ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். பிறகு பூஞ்சணமும் பற்றீரியாவும் இலையில் படர்ந்து அதை மெதுவாக்கும். வெறும் இலை காய்ந்த பாண் மாதிரி. பூஞ்சணம் படிந்த பிறகுதான் அதில் சத்து ஏறுகிறது. அதைக் கொறிக்க இறால், நண்டு, நத்தை, பூச்சிக் குடம்பிகள் வரும். எங்களைப் போன்ற வெப்ப நாடுகளில் இந்த வேலையில் இறாலுக்கும் நண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அவை கொறித்துச் சிந்திய தூள் நீரோடு கீழே போகும். அதை வடிகட்டித் தின்ன வேறு பூச்சிகள் வலை கட்டிக் காத்திருக்கும். இவற்றைத் தின்னச் சிறு மீன், சிறு மீனுக்குப் பெரிய மீன், அதற்கு மீன்கொத்தியும் நீர்நாயும் முதலையும் எங்கள் வீட்டுச் சட்டியும்.

மேலே இலை, நடுவில் பாசி, கீழே தூள் என்று ஓர் ஆறு தலை முதல் வால் வரை தன் உணவை மாற்றிக்கொண்டே போகிறது என்பதை 1980இல் றொபின் வன்னோட் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கோட்பாடாக எழுதினார்கள். வட அமெரிக்கக் காட்டாறுகளைப் பார்த்து எழுதப்பட்டது அது. எங்கள் ஆறுகளுக்கு அப்படியே பொருந்தாது. எங்கள் ஆறுகள் மாதக்கணக்கில் அறுந்து கிடப்பவை. அதோடு ஒவ்வொரு ஆற்றின் குறுக்கிலும் பல நூற்றாண்டுகளாகக் குளக்கட்டுகள் இருக்கின்றன. ஆனாலும் அதில் ஒரு செய்தி எல்லா ஆற்றுக்கும் பொருந்தும். கீழே இருப்பவை மேலே நடப்பதை நம்பி வாழ்கின்றன. மாங்குளத்துப் பக்கம் ஓடைக்கரை மரம் விழுந்தால், கண்டாவளைப் பக்கம் வலை போடுகிறவனுக்கு அதில் ஒரு பங்கு நட்டம் உண்டு.

இந்த மரங்களை நாங்கள் போர்க்காலத்திலேயே வெட்டத் தொடங்கிவிட்டோம். பங்கர் மூட மரம் வேண்டியிருந்தது. உயிரா மரமா என்று கேட்டால் அன்று யாருக்கும் பதிலில் சந்தேகம் இருக்கவில்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நாங்களே சேலைகளைத் தைத்து மண் மூட்டை கட்டி அதற்குள் பிள்ளைகளைப் படுக்க வைத்தவர்கள்தான். மீளக் குடியேறிய பிறகு வெட்டியதைப் பற்றித்தான் என் கேள்வி. நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் பக்கத்து ஆற்றங்கரையில் சில இடங்களில் மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தார்கள். கண்ணிவெடி அகற்றி முடியும்வரை ஒருவரும் உள்ளே போகவில்லை. அந்தக் கொஞ்சக் காலத்தில் அங்கே புங்கும் மருதும் நாவலும் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. பலகையைக் கழற்றியதும் அந்தக் கன்றுகள் விறகாகிப் போயின. விறகுக்கு வேறு வழி இல்லாத காலம் என்று அதற்கும் ஒரு நியாயம் இருந்தது.

கட்டுக்குக் கீழே

இப்போது நான் இருக்கும் வீடு இரணைமடுவுக்குக் கீழ்ப்பக்கம். குளக்கட்டு ஆற்றுக்கு என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. அந்தக் குளம் இல்லாமல் கிளிநொச்சி இல்லை. இது குளத்துக்கு எதிரான பேச்சு அல்ல. ஆனால் நீரோடு வருகிற மணல் அசையாத நீருக்குள் வந்ததும் அடியில் விழுந்துவிடும். துருசால் வாய்க்காலுக்குப் போவதும் வானால் பாய்வதும் பெரும்பாலும் மணல் இல்லாத நீர். "மழை வந்தா திரும்ப மண் வரும்தானே" என்று மணல் ஏற்றுகிறவர்கள் சொல்வது கட்டுக்கு மேலே ஓரளவுக்கு உண்மை. வவுனியாப் பக்கத்துக் கருங்கல் உடைந்து, தேய்ந்து, நகர்ந்து வர எடுக்கும் காலத்தை மறந்துவிட்டால் உண்மை. கட்டுக்குக் கீழே அதுகூட இல்லை. இங்கே கிடப்பது பெரும்பாலும் கட்டு வருவதற்கு முன்னர் வந்து சேர்ந்த மணல். பழைய வைப்புப் பணம் மாதிரி. எடுத்தால் எடுத்ததுதான்.

மணல் சுமக்காத நீருக்கு இன்னொரு குணம் உண்டு. அது பசியோடு வரும். தன்னிடம் மணல் இல்லாததால் படுக்கையையும் கரையையும் அரித்து எடுத்துக்கொள்ளும். படுக்கையில் ஒரு குழி வெட்டினால், அந்தக் குழியின் மேல் விளிம்பு ஒவ்வொரு வெள்ளத்திலும் இடிந்து இடிந்து மேல்நோக்கி நகரும். அதனால்தான் மணல் அள்ளிய இடத்தில் அல்லாமல், அதற்கு எவ்வளவோ மேலே உள்ள பாலத்தின் காலடி தெரியத் தொடங்குகிறது.

2018 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். வான்கதவுகள் திறக்கப்பட்டபோது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நீர். கோழிகள் போயின, நெல் மூட்டைகள் போயின. அந்த வெள்ளம் ஏன் அவ்வளவு வேகமாக ஏறியது என்பது பெரிய விவாதம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் நீர் வடிந்து ஒரு மாதத்தின் பின்னர், ஆற்றை அடுத்த தாழ்நிலப் புல்வெளிகளில் தேங்கிய நீரில் மீன்குஞ்சுகள் திரண்டு நின்றதைப் பார்த்தேன். பல மீன்கள் முட்டையிட இப்படிப் புல் மூடிய ஆழமற்ற நீரைத்தான் தேடுகின்றன. ஆறு கரை கடந்து தன் இரு பக்கத்துத் தாழ்நிலத்தையும் தொடுவது அதன் வாழ்க்கையில் ஒரு பகுதி. அந்தத் தாழ்நிலத்தில் வீடு கட்டினால் சண்டை வரும். அங்கே காணி கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது.

விலாங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலாங்கு கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற சிறு குஞ்சாக ஆற்றுவாயால் ஏறி, ஆண்டுக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்கே போகும். பெரியப்பா மேற்பகுதியில் விலாங்கு பிடித்திருக்கிறார். வான் பாயும் காலத்தில் ஈரச் சுவரில் ஊர்ந்து ஏறி அது அங்கே வந்திருக்க வேண்டும். சுண்டிக்குளம் தொடக்கம் மாங்குளம் வரை ஒரே ஆறு என்பதற்கு அந்த மீனைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

என் வீட்டுச் சுவர்

2009இல் செட்டிகுளம் முகாமில் எங்களுக்குத் தந்த குடிநீர் அருவியாற்றில் இருந்து எடுத்தது. 164 கிலோமீற்றர் ஓடி மன்னாரில் கடலைத் தொடும் அந்த ஆறு நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு. தண்ணீர் வரிசையில் நின்ற நாட்களில், வீட்டுக்குத் திரும்பிப் போனால் கிணறு ஒன்றுதான் முதலில் வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். திரும்பி வந்து முதலில் கட்டியது வீடு.

இந்திய வீட்டுத் திட்டத்தில் 550 சதுர அடி வீடு எனக்குக் கிடைத்தது. பணம் கட்டம் கட்டமாக வரும். கொடுத்த காலத்துக்குள் அந்தக் கட்டத்தை முடிக்க வேண்டும். மணல் எங்கிருந்து வருகிறது என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாங்கித்தான் இருப்பேன். ஓலைக் கொட்டிலில் மூன்றாவது மாரி கழிந்துகொண்டிருந்தது. கல் அரியவும் பூசவும் நிலம் போடவும் எல்லாமாக 14 கியூப் இறங்கியது.

ஒரு கியூப் என்பது 100 கன அடி, ஏறத்தாழ 2,830 லீற்றர். அதில் மூன்றில் ஒரு பங்கு நீர் தங்கும் இடம் என்றால் கியூபுக்கு 900 லீற்றருக்கு மேல் வருகிறது. என் 14 கியூபும் ஆற்றில் கிடந்தபோது 13,000 லீற்றர் அளவு நீரை வைத்திருக்கக்கூடியவை. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு மாரியிலும். அந்தத் திட்டத்தில் மட்டும் வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகள். எல்லாவற்றுக்கும் ஆற்று மணல் போகவில்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவும் போகவில்லை. இருந்தாலும் என் வீட்டுக் கணக்கைப் பிடித்தால் 6 இலட்சம் கியூபைத் தாண்டும். இதற்கு மேல் றோட்டுகள், பாலங்கள், மதில்கள். இதற்கும் மேல் எங்கள் ஊரோடு தொடர்பே இல்லாத நகரங்களுக்கு இரவிரவாகப் போனவை. வீட்டுக்காக எடுத்தது ஒரு காலத்தோடு முடிந்திருக்கும். முடியாமல் தொடர்வது கடைசியாகச் சொன்னதுதான். 2019 டிசம்பரில் மணல் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திர முறை நீக்கப்பட்ட பிறகு, இரவில் மட்டும் கேட்ட டிப்பர்ச் சத்தம் எங்கள் பக்கத்தில் பகலிலும் கேட்கத் தொடங்கியது.

ஆற்றுவாய்க்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. படுக்கை கடல்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்டால், கோடையில் ஆற்று நீர் இல்லாத இடத்தை உவர்நீர் பிடித்துக்கொள்ளும். உவர் ஏறிய கிணற்றை ஒரு மாரி கழுவித் தராது.

அந்த ஓகஸ்ட் மத்தியானத்தில் இவ்வளவையும் நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் சொன்னேன். அவன் டிப்பர் அவனுடையது அல்ல. நடைக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் இரண்டு பிள்ளைகள், நுண்கடன் வேறு. "நான் நிப்பாட்டினா வேற ஆள் ஓடுவான் சேர்" என்றான். அதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

டிப்பருக்குள் இருந்து சவளை எடுத்து வந்தான். மருத மரத்துக்கு நேரே, வெளிவளைவுப் பக்கம் ஓர் இடத்தைக் காட்டினேன். 1990களில் இதே இடத்தில் முழங்கால் ஆழத்தில் நாங்கள் நீர் எடுத்திருக்கிறோம். அவன் தோண்டினான். முழங்கால் ஆழம் போயிற்று, இடுப்பளவு போயிற்று, மணல் வெளிறியே இருந்தது. நெஞ்சளவில் ஈரம் கண்டது. அதற்குக் கீழே ஒரு சாண் போனதும் சவள் களியில் முட்டியது. அந்த ஒரு சாணுக்குள்தான் தண்ணீர் ஊறியது. முதல் நீரைக் கையால் இறைத்து வெளியே ஊற்றினான். தெளிய விட்டு இரண்டு பேரும் நிழலில் இருந்தோம்.

தெளிந்ததும் டிப்பருக்குள் இருந்து ஐந்து லீற்றர் கான் ஒன்றைக் கொண்டு வந்து, போத்தல் மூடியால் அள்ளி அள்ளி நிரப்பத் தொடங்கினான். ரேடியேற்றருக்கு என்று நினைத்தேன்.

"வீட்டுக்கு சேர். எங்கட கிணறு ஆடியிலேயே வத்திப் போச்சு. பவுசர் புதன்கிழமைதான் வரும்."

பாதி நிரம்பியபோது அங்கிருந்து கூப்பிட்டார்கள். அவனுடைய முறை வந்துவிட்டது. கானை இருக்கைக்குப் பக்கத்தில் சாயாமல் வைத்துவிட்டு, டிப்பரைப் பின்னுக்கு எடுத்தான்.